பனியில்லாத ஊருக்கு ஒரு பனிப் பாடம்

திருகோணமலையில் பனிக்கட்டி என்றதும் நம் நினைவுக்கு வருவது, கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் மீனைப் பழுதாகாமல் காக்கப் படகுகளில் ஏற்றப்படும் ஐஸ் கட்டிகளே. இத்தகைய ஊரில் இருந்துகொண்டு ‘ஃபிகர் ஸ்கேட்டிங்’ எனப்படும் பனிச்சறுக்கு நடனத்தைப் பற்றி எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆனால் அக்கலையின் கணிசமான பகுதி பனியில் அன்றி, வெறுந்தரையிலேயே பயிலப்படுகின்றது. அந்தத் தரைப் பயிற்சியில் நமது பாடசாலைகளுக்கும் ஒரு பாடம் உண்டு என்பதாலேயே இதனை எழுத முற்படுகின்றோம்.

இந்நடனத்தில் மிகக் கடினமானது பாய்ந்து சுழல்வதாகும். தளத்திலிருந்து எழும்பி, காற்றில் மூன்று முறை சுழன்று, ஒற்றைக் காலில் பின்னோக்கி இறங்க வேண்டும். இவை யாவற்றுக்கும் கிடைப்பது முக்கால் வினாடிக்கும் குறைவான நேரமே. கைகளை மார்போடு இறுக அணைக்கும்போது உடல் வேகமாகச் சுழல்கின்றது. விரிக்கும்போது வேகம் தணிகின்றது. சுழல் நாற்காலியில் அமர்ந்து கைகளை விரித்தும் மடக்கியும் பார்த்தால் இவ்விதியை எவரும் உணரலாம். 2022 செப்டெம்பரில் அமெரிக்க வீரர் இலியா மலினின், ‘ஆக்செல்’ என்னும் பாய்ச்சலை நாலரைச் சுற்றுகளுடன் முதன்முறையாகப் போட்டியொன்றில் நிகழ்த்திக் காட்டினார்.

முக்கால் வினாடிக்குள் சிந்தித்துச் செயற்பட இயலாது. எந்தக் கணத்தில் கை மடங்க வேண்டும், எந்தக் கணத்தில் முழங்கால் வளைய வேண்டும் என்பதை உடல் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அதைக் கற்பிக்கும் இடமே தரை. பயிற்சி பெறுபவர் கயிறு தாண்டி உடலைச் சூடேற்றுகின்றார். பின்னர் சாதாரணக் காலணியுடன் பாய்ச்சலின் ஒவ்வொரு படியையும் மெதுவாக நடந்து பார்க்கின்றார். அதன்பின் ஒரு சுற்று, இரண்டு சுற்று எனத் தரையிலேயே பாய்கின்றார். சிறு சுழல் தட்டின் மீது ஒற்றைக் காலில் நின்று சுழலவும் பழகுகின்றார். ஒரே காலில் மீண்டும் மீண்டும் இறங்குவதால் உடலின் ஒருபுறம் மட்டும் வலுப்பெறுகின்றது. ஆகவே மறுபுறத்தையும், இடுப்பையும் வயிற்றுத் தசைகளையும் வலுப்படுத்தும் பயிற்சிகள் தனியே அளிக்கப்படுகின்றன.

இவற்றோடு நடனமும் கற்பிக்கப்படுகின்றது. பாலே நடனம் பயின்ற அமெரிக்கரான ஜாக்சன் ஹைன்ஸ், 1860களில் வியன்னா நகரில் இசைக்கேற்ப ஆடிக்காட்டிய பின்னரே இவ்விளையாட்டு ஒரு கலையாக மலர்ந்தது. 1976 ஆம் ஆண்டு ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பிரித்தானியரான ஜோன் கரி, சிறுவயதில் பாலே கற்க விரும்பியவர். தந்தை அதற்கு இணங்காமையால் பனித்தளத்துக்குச் சென்றவர். நமக்கு இது புதியதன்று. பரதநாட்டியம் பயிலும் பிள்ளை, பதங்களுக்கும் வர்ணங்களுக்கும் வருவதற்கு முன் நீண்ட காலம் அரைமண்டியில் நின்று தட்டடவு பயில்கின்றது. மேடையில் நாம் காணும் அழகு, அந்த அடிப்படைப் பயிற்சியிலிருந்தே பிறக்கின்றது.

தமிழ்நாட்டைப் பூர்விகமாகக் கொண்ட குடும்பத்தில் அமெரிக்காவில் பிறந்த தாரா பிரசாத், இந்தியாவின் சார்பில் சர்வதேசப் போட்டிகளில் பங்குபற்றி, 2022, 2023 ஆம் ஆண்டுகளில் அந்நாட்டின் தேசிய வாகையராகவும் விளங்கினார். பனித்தளங்கள் மிக அரிதான இந்தியாவிலோ, சக்கரக் காலணியோடு தரையில் பழகியே பலர் பனிக்கு வருகின்றனர். தளம் இல்லை என்பதற்காக அவர்கள் பயிற்சியைத் தள்ளிப்போடவில்லை.

எனினும் தரைப் பயிற்சிக்கும் எல்லை உண்டு. பனியில் இறங்கும் கால் வழுக்கிச் செல்வதால் வேகத்தின் ஒரு பகுதி அதிலேயே கழிந்துவிடுகின்றது. தரையில் கால் சட்டென நின்றுவிடுவதால் அதிர்ச்சி முழுவதையும் கணுக்காலும் முழங்காலுமே தாங்குகின்றன. எனவேதான் நல்ல பயிற்றுவிப்பாளர்கள் சீமெந்துத் தரையைத் தவிர்த்து மரத்தளத்தைத் தேர்கின்றனர். பாய்ச்சல்களின் எண்ணிக்கையையும் மட்டுப்படுத்துகின்றனர். வளரும் உடலைப் பற்றிய அக்கறை உலக அளவிலும் எழுந்துள்ளது. சர்வதேச ஸ்கேட்டிங் ஒன்றியம் 2022 ஜூனில் கூடி, மூத்தோர் பிரிவுக்கான குறைந்தபட்ச வயதை 15 இலிருந்து 17 ஆகப் படிப்படியாக உயர்த்தத் தீர்மானித்தது.

இனி நம் ஊருக்கு வருவோம். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்குச் சில வாரங்கள் இருக்கும்போதே, அதுவரை மைதானத்தை எட்டிப் பார்த்திராத பிள்ளைகளையும் திடீரென நீளம் பாயவும் உயரம் பாயவும் விடும் வழக்கம் பல பாடசாலைகளில் இன்றும் உள்ளது. எவ்வளவு தூரம் பாய்ந்தான் என்று அளக்கின்றோம். எப்படி இறங்கினான் என்று பார்ப்பதில்லை. பந்தைப் பிடித்தவுடன் சட்டென நிற்க வேண்டிய வலைப்பந்தாட்டத்திலும், எழும்பி அடிக்கும் கரப்பந்தாட்டத்திலும் முழங்கால் காயம் பெரும்பாலும் இறங்கும் கணத்திலேயே நேர்கின்றது. ஒரு பிள்ளையின் முழங்கால் தசைநார் அறுந்தால், விளையாட்டு மட்டுமன்றிச் சில வேளை ஓராண்டுப் படிப்பும் பாதிக்கப்படும்.

இதனைத் தவிர்க்கப் பெருஞ்செலவு தேவையில்லை. சர்வதேச உதைபந்தாட்டச் சம்மேளனம் வகுத்த ‘11+’ என்னும் பயிற்சி ஏறத்தாழ 20 நிமிடங்களே கொள்வது. ஓடுதல், ஒற்றைக் காலில் சமநிலை காத்தல், முழங்கால் உள்நோக்கிச் சாயாது மெதுவாக இறங்குதல் முதலியனவே அதில் உள்ளன. இளம் வீராங்கனைகளிடையே நோர்வேயில் நடத்தப்பட்டு 2008 இல் வெளியான ஆய்வு, இப்பயிற்சி பெற்ற அணிகளில் காயங்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்ததைக் காட்டியது.

மெக்கெய்சர் விளையாட்டரங்கிலோ, ஏகாம்பரம் மைதானத்திலோ, பாடசாலை மண்டபத்திலோ இதனைச் செய்யலாம். தேவையானது ஆண்டு முழுவதும் வாரத்துக்கு இரண்டு முறை ஒதுக்கப்படும் 20 நிமிடங்களும், இறங்கும் காலைக் கவனித்துத் திருத்தும் ஓர் ஆசிரியரின் கண்ணுமே. அடவு கற்பிக்கும் நடன ஆசிரியரும் உடற்கல்வி ஆசிரியரும் இதில் கைகோத்தால் பயன் இரட்டிப்பாகும். அதிபர்களும் வலயக் கல்வி அதிகாரிகளும் அடுத்த ஆண்டுக்கான நேரசூசியைத் தயாரிக்கும்போதே இதற்கு இடமளிக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோள். போட்டிக்கு நாள் குறித்த பின்னர் தொடங்கினால் அது காலம் கடந்த முயற்சியாகவே முடியும்.