கடைசி யாஹியின் வில்

1911 ஆகஸ்ட் 29. கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊருக்கு வெளியே ஓர் ஆட்டுத்தொட்டி. நாய்கள் விடாமல் குரைக்கவே, வேலை செய்பவர்கள் போய்ப் பார்த்தார்கள். தொழுவத்து வேலியோரம் ஒரு மனிதர் ஒடுங்கிக் கிடந்தார். வயது ஐம்பதை ஒட்டி இருக்கும். உடம்பு எலும்பும் தோலுமாக இருந்தது. தலைமுடியைத் தீயில் பொசுக்கிக் குட்டையாக்கியிருந்தார். அவருடைய மக்களிடம் அது துக்கத்தின் அடையாளம். அவர் பேசியது யாருக்கும் புரியவில்லை. வேறு இடம் தெரியாத ஷெரிஃப் அவரைச் சிறையில் கொண்டுபோய் வைத்தார்.

செய்தி கேட்டு மானிடவியல் ஆசிரியர் வாட்டர்மன் யானா மொழிச் சொற்பட்டியல் ஒன்றோடு வந்து சேர்ந்தார். ஒவ்வொரு சொல்லாகப் படித்தும் பயனில்லை. கடைசியில் கட்டிலின் மரச்சட்டத்தைத் தட்டிக்கொண்டே "சிவினி" என்றார். மஞ்சள் பைன் மரம் என்று பொருள். அந்த மனிதரின் முகம் மலர்ந்தது.

சொந்தப் பெயரைத் தானே சொல்வது அவர் மரபில் வழக்கமில்லை. அதனால் 'மனிதன்' என்று பொருள்படும் யானாச் சொல்லாலேயே அவரை அழைத்தார்கள்: இஷி. தங்க வேட்டைக்கு வந்து குடியேறியவர்களால் கொன்று தீர்க்கப்பட்ட யாஹி இனத்தில் மிஞ்சிய ஒரே ஆள். லாசென் மலையடிவாரத்து ஓடைகளின் ஓரம், சில சொந்தங்களோடு ஏறக்குறைய 40 ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் வாழ்ந்தவர். 1908இல் நில அளவைக்காரர்கள் அவர்களுடைய குடிசைகளைக் கண்டுபிடித்து, அங்கிருந்த வில், அம்பு, தோல் போர்வை என எல்லாவற்றையும் எடுத்துப் போனார்கள். அதன்பின் சொந்தங்களும் இல்லாமல் போயினர்.

இன்று அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் வார இறுதியில் வில்லைத் தோளில் மாட்டிக்கொண்டு காட்டுக்குள் போகிறார்கள். அந்தப் பொழுதுபோக்கின் வேர்களில் ஒன்று இந்த மனிதரிடம் போய் முடிகிறது.

தோற்றவர்களின் கையில்

இஷிக்கு முன்பும் ஒரு கதை உண்டு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோற்ற தெற்குப் படையில் இருந்த மாரிஸ் தாம்சன், வில் தாம்சன் என்ற சகோதரர்கள், போர் முடிந்தபின் ஃப்ளோரிடாவின் காடுகளிலும் சதுப்புகளிலும் வில்லோடு திரிந்தார்கள். அந்த அனுபவத்தை வைத்து வில்வித்தையின் மயக்கத்தைப் பற்றி மாரிஸ் எழுதிய நூல் 1878இல் வந்தது. மறு ஆண்டே இந்தியானா மாநிலத்தின் கிராஃபர்ட்ஸ்வில் ஊரில் தேசிய வில்வித்தைச் சங்கம் உருவானது. மாரிஸ்தான் முதல் தலைவர். ஆனால் அந்த மோகம் நாளடைவில் தணிந்துபோனது. மறுபடி ஊதிவிட ஒரு காற்று வேண்டியிருந்தது.

சிறையிலிருந்து அழைத்துவரப்பட்டபின் இஷி குடியிருந்தது சான் ஃபிரான்சிஸ்கோவின் ஓர் அருங்காட்சியகத்தில். அதன் பக்கத்திலேயே மருத்துவக் கல்லூரி. அங்கே அறுவை மருத்துவம் கற்பித்தவர் டாக்டர் சாக்ஸ்டன் போப்; இஷிக்கு வைத்தியம் பார்த்தவரும் அவரே. 1912இல் இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது. போப் சின்னச் சின்னக் கைவித்தைகள் காட்டுவார். இஷி அவரை 'குவி', அதாவது வைத்தியர், என்று கூப்பிட்டார். வைத்தியர் சீடரானார், நோயாளி குருவானார்.

இஷி வில் செய்ய அளவுகோல் தேடியதில்லை. நீட்டிய கையிலிருந்து எதிர்ப்பக்க இடுப்பு வரை எவ்வளவோ அவ்வளவுதான் நீளம். போப் அளந்து பார்த்தார்: 42 அங்குலம். மலை ஜூனிபர் மரத்தைச் செதுக்கி, முதுகில் மான் தசைநாரை ஒட்டுவார். நாரை வாயில் மென்று மெதுவாக்குவார். பசை சால்மன் மீன் தோலிலிருந்து. வேலை இல்லாதபோது வில்லைப் படுக்க வைக்க வேண்டும் என்பது அவர் கட்டளை. நிற்க வைத்தால் அது மனிதனைப் போல உழைத்துக்கொண்டே இருந்து களைத்துவிடுமாம்.

வேட்டைக்கு முதல் நாள் புகையிலை கூடாது, மீன் கூடாது. காலையில் ஓடையில் குளியல், வாய் கொப்பளித்தல், வாசனை இலையால் உடம்பைத் தேய்த்தல், வெறும் வயிறு. மானுக்கு மனித வாடை எட்டக் கூடாது என்கிற கணக்கு இதில் பாதி, நோன்பு பாதி. உதட்டில் விரலை வைத்து அவர் எழுப்பும் ஒலியைக் கேட்டு முயல்கள் தாமாகவே புதரை விட்டு வெளியே வரும்.

வட்ட இலக்கில் அவர் குறி அத்தனை சிறப்பில்லை. வண்ண வளையங்கள் அவரைக் குழப்பின. காடையளவு ஒரு பொருளைப் பக்கத்தில் வைத்தால் கதை வேறு. இன்னொன்றையும் போப் மறைக்காமல் எழுதியிருக்கிறார். குருவும் சீடனும் சேர்ந்து எத்தனையோ முறை மான் வேட்டைக்குப் போனார்கள். ஒரு மானைக்கூட அம்பால் வீழ்த்தியதில்லை. கற்றுக்குட்டி கூட இருந்ததும், வெள்ளைக்காரனுக்கு நேரம் போதாததும் காரணம் என்பது அவர் தந்த விளக்கம்.

இருபது கஜ தூரம்

1916 மார்ச் 25 அன்று காசநோயால் இஷி இறந்தார். ஒரு வில்லையும் ஐந்து அம்புகளையும் கொஞ்சம் ஓக் கொட்டை மாவையும் உடன் வைத்து எரியூட்டினார்கள். போப் 1923இல் எழுதிய வில் வேட்டை நூல் ஒரு தலைமுறையையே மரப்பட்டறைக்கு அனுப்பியது. போப்பின் வேட்டைத் துணை ஆர்தர் யங் அலாஸ்காவில் எடுத்த திரைப்படத்தைப் பார்த்து வில்லைக் கையில் எடுத்த ஃப்ரெட் பேர், 1933இல் டெட்ராய்ட்டில் தொழில் தொடங்கி, வில்லைச் சாமானியன் வாங்கும் பொருளாக்கினார். 1934இல் விஸ்கான்சின் மாநிலம் வில்லுக்கென்றே தனி மான் வேட்டைப் பருவம் அறிவித்தது.

பிறகு 1960களில் ஹாலஸ் ஆலன் என்பவர் வில்லின் நுனிகளில் கப்பிகளைப் பொருத்தினார். 1969இல் காப்புரிமை கிடைத்தது. இதுதான் காம்பவுண்ட் வில். முழுதாக இழுத்தபின் கையில் தங்கும் பாரம் வெகுவாகக் குறைந்துவிடும். குறிபார்க்கும் கருவி, விடுவிசை எல்லாம் வந்து சேர்ந்தன. இன்றைய வில் வேட்டைக்காரர்களில் பெரும்பாலானோர் கையில் இருப்பது அதுவே.

ஆனால் ஒரு கூட்டம் பிடிவாதமாகப் பழைய மரவில்லிலேயே நிற்கிறது. ஊசியிலை மரமான யூ, அல்லது ஓசேஜ் ஆரஞ்சு மரம்; பிந்தையதை ஃபிரெஞ்சுக்காரர்கள் 'வில் மரம்' என்றே அழைத்தார்கள். தேவதாரு அம்புத்தண்டு, வான்கோழி இறகு. மூன்று இறகில் ஒன்று மட்டும் வேறு நிறம். அம்பை நாணில் எந்தப் பக்கமாக வைப்பது என்று அது சொல்லும். குறிபார்க்கும் கருவி கிடையாது. கண் இலக்கைப் பார்க்கும், கை தானாகப் போகும். கல்லெறிந்து மாங்காய் அடித்தவர்களுக்கு இந்தக் கணக்கு புரியும்.

இவர்களுக்கு விருப்பமான விளையாட்டில் உயிர்ப்பலியே இல்லை. நண்பர்கள் நாலு பேர் மழுங்கிய முனை அம்புகளோடு காட்டில் நடப்பார்கள். ஒருவர் உளுத்த அடிமரம் ஒன்றைக் காட்டுவார், எல்லோரும் அதை நோக்கி எய்வார்கள். அம்பு போய் விழுந்த இடத்திலிருந்து அடுத்த இலக்கு. மேடு, பள்ளம், வெயில், நிழல் என்று எந்த எய்தலும் முந்தியதைப் போல இராது.

வேட்டை என்று வரும்போது, மரவில்காரர்கள் பெரும்பாலும் இருபது கஜத்துக்குள் போனால்தான் எய்வார்கள். துப்பாக்கிக்காரர் நூறு கஜத்தில் முடிக்கும் வேலையை இவர்கள் காற்றின் திசை பார்த்து, சருகு நொறுங்காமல் கால் வைத்து, பல மணி நேரம் அசையாமல் நின்று செய்ய வேண்டும். அதற்குள் மான் மோப்பம் பிடித்து ஓடிவிடுவதுதான் வழக்கம். வெறுங்கையோடு வீடு திரும்பும் நாட்களே அதிகம்.

மறுபக்கமும் உண்டு. அம்பு, தோட்டாவைப் போல அதிர்ச்சியால் கொல்வதில்லை; இரத்தப்போக்கால் கொல்கிறது. அதனால் எய்தவுடன் துரத்தாமல், அரை மணி நேரமாவது காத்திருந்து இரத்தத் தடம் பார்த்துப் போக வேண்டும். குறி தவறினால் காயத்தோடு ஓடிய விலங்கு எங்கோ கிடந்து சாகும். இந்தக் குற்றச்சாட்டுக்கு வேட்டைக்காரர்களிடம் முழுப் பதில் இல்லை. போப்பும் யங்கும் 1920இல் யெல்லோஸ்டோன் வனப்பகுதியில் ஓர் அருங்காட்சியகத்துக்காகக் கிரிஸ்லி கரடிகளை அம்பெய்து கொன்றதை இன்று படிக்கும்போது வீரமாகத் தோன்றவில்லை.

1972

ஒரே ஆண்டு இரண்டு நாடுகளை இரண்டு திசையில் அனுப்பியது. 1972இல் அமெரிக்கா, வில் அம்பு விற்பனைக்கான வரியை வனவிலங்குப் பாதுகாப்பு நிதியில் சேர்க்கச் சட்டத்தைத் திருத்தியது. அதே ஆண்டு இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை இங்கே படிப்படியாகக் குற்றமானது, வில்லால் ஆனாலும் சரி.

எனவே இங்கே வில்லுக்கு மைதானம்தான் மிச்சம். அதிலும் காட்டின் பங்கு உண்டு. ராஜஸ்தானின் பழங்குடிச் சிறுவனாக மூங்கில் வில்லோடு வளர்ந்த லிம்பா ராம், இந்திய விளையாட்டு ஆணையத்தின் கண்ணில் பட்டு, 1988, 1992, 1996 என மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் ஆடினார். இங்கும் நகரத்து ஆட்டத்துக்குத் திறமை காட்டிலிருந்தே வந்தது.

வில் பழக ஆசைப்படும் வாசகர் அருகிலுள்ள சங்கத்தில் மென்மையான வில்லோடு தொடங்கலாம். வைக்கோல் இலக்குக்குப் பின்னால் ஆள் நடமாட்டம் இல்லையா என்று முதலில் பார்க்க வேண்டும். நாணில் அம்பு இல்லாமல் வில்லை இழுத்து விடக் கூடாது; வில்லே உடையலாம். தெருவிலும் மொட்டை மாடியிலும் வேண்டாம். மாடியிலிருந்து போகும் அம்பு எங்கே இறங்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இஷியின் கதையில் ஒரு கடன் மிச்சம் இருந்தது. அவர் இறந்ததும் உடற்கூறாய்வு நடத்தி, மூளையைத் தனியே எடுத்து ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டார்கள். 2000ஆம் ஆண்டில்தான் அது யாஹிகளின் உறவினங்களான கலிஃபோர்னியப் பழங்குடியினரிடம் திரும்பியது. அவர்கள் அதை அஸ்தியோடு சேர்த்து மூதாதையர் நிலத்தில் புதைத்தார்கள். இடம் எதுவென்று வெளியே சொல்லவில்லை.