பாட்டிக்கு ஒரு பரிட்சை!

‘இன்னிக்கு என்ன தேதி?’ திடீரென்று கேட்டால் காலண்டரை எட்டிப் பார்க்காத ஆபீஸ் ஆசாமி உண்டா? ஆனால், ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிற பெரியவர் தேதியைத் தப்பாகச் சொன்னால் போதும், ‘மறதி நோய்’ என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுவோம்!

எங்கள் எம். புதுப்பட்டி வட்டாரத்தில் தீப்பெட்டி ஒட்டியே வயசான பாட்டிகள் நிறைய. கையெழுத்து என்றால் கைநாட்டுதான். கூலிக் கணக்கில் மட்டும் பைசா பிசகாது.

இவர்களிடம் போய், 1975-ல் அமெரிக்காவின் ஃபோல்ஸ்டீன் குழு வெளியிட்ட 30 மார்க் ஞாபகப் பரிட்சையை நீட்டினால்? ‘ஒரு வாக்கியம் எழுது, இதைப் படித்து அதன்படி செய்...’ பள்ளிக்கூடம் போகாததற்கு மார்க் குறையும். பழி மூளை மேல் விழும்!

ஹரியானாவின் பல்லப்கர் கிராமங்களில் ஆய்வு செய்தவர்கள் 1995-ல் இதற்கு வழி கண்டார்கள். எழுதுவதற்குப் பதில், ‘உங்க வீட்டைப் பத்திச் சொல்லுங்க’. படிப்பதற்குப் பதில், டாக்டர் கண்ணை மூடிக் காட்டுவார். அதேபோல் செய்தால் மார்க்!

ஆஸ்பத்திரியில் இன்னொரு சிக்கலும் உண்டு. எங்கள் தெருப் பாட்டி ஒருவர் காய்ச்சலுக்கு அட்மிட் ஆனார். ராத்திரி டிரிப்ஸைப் பிடுங்கிவிட்டு, ‘‘பெட்டி ஒட்டணும், விடுங்கடா!’’ என்று ஒரே ரகளை.

‘‘வயசாயிடுச்சு சார், அப்படித்தான்’’ என்றார் மகன்.

‘‘போன வாரம் எப்படி இருந்தாங்க?’’ - இது டாக்டர்.

‘‘வட்டிக் கணக்குப் பார்த்துக்கிட்டிருந்தாங்க...’’

ரத்தத்தில் உப்பு குறைந்திருந்தது. சரி செய்த மூன்றாம் நாள், ‘‘எவன்டா என் சுருக்குப்பையை எடுத்தது?’’ என்று பாட்டி குரல் கொடுக்க, வார்டே சிரித்தது.

இப்படித் திடீரென்று வரும் குழப்பத்துக்கு ‘டெலிரியம்’ என்று பெயர். உப்புக் குறைவு, மூத்திரத் தொற்று, சில மாத்திரைகள் என்று காரணம் பல. காரணத்தைச் சரி செய்தால் பெரும்பாலும் தெளியும். ‘டிமென்ஷியா’ மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் மெல்ல ஏறுவது. அது இருப்பவருக்கு டெலிரியமும் சுலபமாக வரும். அதனால் ஞாபகப் பரிட்சையை உடம்பு தேறியபின் இன்னொரு தடவை வைப்பதே நியாயம்.

அதற்காக ‘எல்லாம் சரியாப் போகும்’ என்று சும்மா இருந்துவிடாதீர்கள். 2023-ல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் 60 வயசு தாண்டியவர்களில் 7.4 சதவிகிதம், அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா. தைராய்டு, பி12 குறைவால் வரும் மறதிக்கோ மருந்தே உண்டு.

ஆகவே இளைஞரே, அப்பா அம்மாவை அட்மிட் பண்ணும்போது ஹார்லிக்ஸ் மறந்தாலும் பரவாயில்லை, மூக்குக் கண்ணாடியை எடுத்துப் போங்கள். பார்வை மங்கினால் பதிலும் மங்கும். ஆறு மாசமாக அவர் எப்படி இருந்தார் என்பதை டாக்டரிடம் விவரமாகச் சொல்லுங்கள். அது தெரிய வேண்டுமானால், வாரம் ஒரு தடவையாவது அவரோடு உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும்.

பரிட்சை அவருக்கு மட்டுமில்லை, நமக்கும்தான்!