கமராப் பெட்டிக்குள் புகுந்த கள்வன்

உங்கள் வீட்டு வாசலிலோ கடையிலோ கண்காணிப்புக் கமரா பூட்டியிருக்கிறீர்களா? அப்படியானால் அதன் படங்களைப் பதிந்து வைக்கும் பெட்டியையும் சற்றுக் கவனியுங்கள். பார்வைக்குப் பழைய வீடியோ டெக் போலிருந்தாலும் அதுவும் ஒரு கணினியே. அதை இயக்க உள்ளேயே ஏற்றப்பட்டிருக்கும் மென்பொருளை ‘பேர்ம்வெயார்’ என்பார்கள்.

2016 ஒக்டோபர் 21ஆம் திகதி அமெரிக்காவில் டுவிட்டர், நெட்பிளிக்ஸ் போன்ற பெரிய இணையத்தளங்கள் பலருக்குக் கிடைக்காமற் போயின. அவற்றின் முகவரிகளைக் காட்டிக்கொடுக்கும் ‘டின்’ நிறுவனம் தாக்கப்பட்டதே காரணம். தாக்கியவை எவை தெரியுமா? வீடுகளிலும் கடைகளிலும் இருந்த கமராக்களும் பதிவுப் பெட்டிகளும்தான்! ‘மிராய்’ என்ற நாசகார மென்பொருள், தொழிற்சாலையில் இடப்பட்ட பெயர், கடவுச்சொல் சோடிகள் அறுபதுக்கு மேல் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பெட்டியாகத் தட்டிப் பார்த்து நுழைந்திருந்தது. படம் வழமைபோல் ஓடியதால் உரிமையாளர்கள் எதையும் அறியவில்லை.

பெட்டியை நிறுத்தி மீண்டும் இயக்கினால் மிராய் அழிந்துவிடும். ஆனால் கதவு திறந்தே கிடப்பதால் சில நிமிடங்களில் திரும்பி வந்துவிடும். கடவுச்சொல்லை மாற்றலாமே என்பீர்கள். மாற்றத்தான் வேண்டும். எனினும் சில பெட்டிகளில் இன்னொரு கடவுச்சொல் பேர்ம்வெயாருக்குள்ளேயே பதிந்திருந்தது. அதை மாற்ற உரிமையாளருக்கு வழியே இருக்கவில்லை. தயாரித்தவர் செய்த கோளாறு இது. அவரே திருத்திய பேர்ம்வெயாரை வெளியிட வேண்டும். ஏற்றிக்கொள்வது உங்கள் பொறுப்பு.

ஏற்றுமுன் பெட்டியின் அடியிலுள்ள மாதிரி இலக்கத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். இடையில் மின்சாரம் நின்றால் பெட்டி பிறகு இயங்காமலே போகலாம். தயாரிப்பாளர் கைவிட்டுவிட்ட பழைய பெட்டியா? இணைய வயரைக் கழற்றிவிடுங்கள். தொலைவிலிருந்து பார்க்க முடியாதே தவிர, பதிவு தடையின்றி நடக்கும்.