பஸ்ஸில் போனால் சிரிப்பான் சிக்கும்

முதல் தடவை நீலகிரிக்குப் பறவை பார்க்கப் போனபோது வாடகைக் கார் எடுத்தேன். மூன்று நாளில் பதினொரு ‘பாயின்ட்’. டிரைவர் எல்லா இடத்திலும் நிறுத்தினார். பறவைதான் எங்கேயும் நிற்கவில்லை. அடுத்த முறை பஸ்ஸில் போய் ஒரே ஊரில் தங்கினேன். காசும் மிஞ்சியது, பார்த்த பறவைகளும் கூடின.

இந்த மலைப் பறவைகளின் சுபாவம் அப்படி. நீலகிரிச் சிரிப்பான் உலகத்திலேயே இந்தப் பக்கத்து மலைகளில் மட்டும்தான் உண்டு. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டிப் பழனிமலைக்குப் போனால், அங்கே சிரிப்பது வேறு இனம். சோலைக்கிளிக்கும் இதே கதைதான். (பேரில்தான் கிளி. உண்மையில் நீல உடம்பும் செம்பழுப்பு விலாவுமாகப் புதருக்கடியில் பதுங்கித் திரியும் சின்னப் பறவை.) மரபணுவை ஆராய்ந்து 2017-ல் சிரிப்பான்களுக்கும் சோலைக்கிளிகளுக்கும் தனித்தனிப் பேரினமே கொடுத்துவிட்டார்கள். கணவாயின் சூட்டைக் கடக்காமல், குளிர்ந்த சோலையை விட்டு நகராமல் வாழ்பவை இவை. அவற்றைத் தேடி நாம் ஏன் ஊர் ஊராக ஓட வேண்டும்?

தங்குவதற்கு என் ஓட்டு கோத்தகிரிக்கு. ஊட்டியின் நெரிசல் இல்லை. பக்கத்திலேயே லாங்வுட் சோலை. 116 ஹெக்டேர்தான், 2024-ல் ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. காப்புக்காடு என்பதால் வனத்துறையிடம் முதலிலேயே அனுமதி கேட்டுவிடுங்கள்.

சென்னைக்காரர்கள் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸில் ஏறினால் விடியலில் மேட்டுப்பாளையம். அங்கிருந்து பஸ். மலை ரயில் ஆசை எல்லோருக்கும் இருக்கும். ஆனால் அது ஊட்டி சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம், பறவைகள் சுறுசுறுப்பாக இருக்கும் காலைப்பொழுது பெட்டிக்குள்ளேயே போய்விடும். திரும்பும்போது குன்னூரில் ஏறிக்கொள்ளுங்கள். பல்சக்கரப் பாதை குன்னூரிலிருந்து கல்லாறு வரைதான் இருக்கிறது. ரயிலுக்கு முன் சிம்ஸ் பூங்காவில் ஒரு நடை போட்டால் நீலகிரி ஈப்பிடிப்பானும் கிடைக்கலாம்.

மே மாதம் வேண்டாம். மலர்க் கண்காட்சிக் கூட்டத்தில் அறை வாடகை எகிறும். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை போனால் காஷ்மீரிலிருந்து குளிர்காலம் கழிக்க வந்த ஈப்பிடிப்பானைக்கூடப் பார்க்கலாம். ஊட்டிப் பக்கம் உறைபனி இருக்கும். ஸ்வெட்டரில் சிக்கனம் பார்க்காதீர்கள். பைனாகுலரிலும்தான்: நண்பரிடம் இரவல் வாங்கினாலும் 8x42 ஆக வாங்குங்கள். பறவையை அடையாளம் காட்டும் மெர்லின் செயலி இலவசம், வீட்டிலேயே இறக்கிக்கொள்ளலாம். அதில் குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கிற வேலை மட்டும் கூடாது. தன் எல்லைக்குள் எதிரி புகுந்துவிட்டதென்று அது பதறிப்போகும். மாவட்டத்தில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, எவர்சில்வர் பாட்டில் எடுத்துப்போங்கள்.

2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா சிகரத்துக்கும் பஸ்தான்: ஊட்டி – கோத்தகிரி சாலையில் பிரிவில் இறங்கி நடந்து ஏற வேண்டும். போன ஜனவரியில் மேலே மூடுபனி, ஒன்றும் தெரியவில்லை. இறங்கிவந்து பிரிவில் பஸ்ஸுக்காக நாற்பது நிமிடம் நின்றேன். எதிர்ப்புதரில் யாரோ கேலி செய்வதுபோல் ஒரு சிரிப்பு, பதிலுக்கு இன்னொன்று. ஆறு சிரிப்பான்கள், வெள்ளைப் புருவத்தோடு, ஒன்றன்பின் ஒன்றாகச் சாலையோரத்துக்கு வந்தன. பஸ் வந்தபோது கைகாட்ட மறந்துவிட்டேன்.