வளை தோண்டும் பிராணிகளுக்கு வேகத் தோட்டா: அமெரிக்க விவசாயிகள் கையாளும் முறை

காவிரிப் பாசனப் பகுதியில் வயல் எலியைப் பிடிக்க மூங்கில் கிட்டி வைப்பது நாம் அறிந்ததே. எலியின் தடம் பார்த்து, வளைக்கு ஒரு முழம் தள்ளிக் கிட்டியை நட்டால் காலையில் எலி மாட்டியிருக்கும். அமெரிக்க நாட்டிலும் வளை தோண்டும் பிராணிகளால் விவசாயிகளுக்குத் தொல்லை உண்டு. ஆனால் அங்கே பலர் 200 மீட்டர் தொலைவில் படுத்துக் கொண்டு ரைபிளால் சுடுகிறார்கள். அதற்கு வேண்டிய தோட்டாவைத் தம் வீட்டிலேயே தயாரித்துக் கொள்வோரும் ஏராளம்.

இது நம் ஊரில் செய்யக்கூடிய காரியம் அல்ல. சட்டம் இடம் தராது. அதைப் பின்னால் சொல்கிறேன். ஆயினும் ஒரு நல்ல தோட்டாவைக் கண்டுபிடிக்க அவர்கள் செய்யும் சோதனை, எக்கருக்கு எவ்வளவு தழைச்சத்து இடலாம் என்று அறிய நாம் போடும் வயல் சோதனையைப் போன்றதே. அதனால் விவசாயிகள் தெரிந்து கொள்ளத் தக்கது.

தொல்லை தரும் பிராணிகள்

அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் 'உட்சக்' என்ற பிராணி உண்டு. அணில் குடும்பத்தைச் சேர்ந்தது. 2 முதல் 6 கிலோ வரை எடை இருக்கும். குதிரை மசால், சோயா மொச்சை ஆகியவற்றை மேய்ந்து தீர்ப்பதோடு, வளை வாயில் மண்ணைக் குவித்து வைக்கும். புல் அறுக்கும் இயந்திரத்தின் கத்தி அதில் மோதி உடையும். குழியில் கால் வைத்துக் கால்நடைகள் முடமாவதும் உண்டு. மேற்கே சமவெளிகளில் 'பிரெய்ரி நாய்' இருக்கிறது. பெயரில்தான் நாய், இதுவும் அணில் இனமே. எடை ஒரு கிலோ அளவுதான். கூட்டம் கூட்டமாக வளை அமைத்து, மாடுகளுக்குரிய புல்லை மேய்ந்து விடும். இத்தகைய பிராணிகளை அங்கே 'வார்மின்ட்' என்பார்கள்.

இவை மனிதனைக் கண்டதும் வளைக்குள் புகுந்து விடும். எனவே கிட்டே போக முடியாது. நிமிர்ந்து நிற்கும் பிரெய்ரி நாயின் உடல் அகலம் நம் உள்ளங்கை அளவுக்கு மேல் இராது. இவ்வளவு சிறிய இலக்கை, தூரம் சரியாகத் தெரியாமல், 150 மீட்டரா 200 மீட்டரா என்ற ஊகத்தில் சுட வேண்டும். இங்கேதான் வேகத்தின் அவசியம் வருகிறது.

வேகம் ஏன் வேண்டும்?

குழலை விட்டுக் கிளம்பிய கணமே குண்டு கீழ்நோக்கி விழத் தொடங்குகிறது. கையிலிருந்து நழுவிய மாங்காய் எந்த வேகத்தில் விழுமோ, ஏறக்குறைய அதே வேகத்தில்தான் குண்டும் விழும். ஆகவே எவ்வளவு நேரம் காற்றில் இருக்கிறது என்பதே கணக்கு. சராசரியாக நொடிக்கு 300 மீட்டர் வேகத்தில் செல்லும் குண்டுக்கு 180 மீட்டரைக் கடக்க 0.6 நொடி பிடிக்கும். அதற்குள் அது 176 சென்டிமீட்டர், அதாவது ஓர் ஆள் உயரம் இறங்கி விடும். சராசரி 1,000 மீட்டர் வேகமானால் 0.18 நொடிதான், இறக்கம் 16 சென்டிமீட்டர் மட்டுமே. வேகம் மூன்று மடங்குக்குச் சற்று மேல், இறக்கமோ பதினொன்றில் ஒரு பங்கு!

குழலைச் சிறிது மேல்நோக்கி வைத்து இந்த இறக்கத்தை ஈடுகட்டுகிறார்கள். வேகத் தோட்டாவை 180 மீட்டருக்கு நேர் செய்து வைத்தால், 90 மீட்டரில் குண்டு பார்வைக் கோட்டுக்குச் சுமார் 3 சென்டிமீட்டர் மேலே போகும். தூரத்தை 30, 40 மீட்டர் தவறாக ஊகித்தாலும் இலக்கு தப்பாது. இதையே தட்டையாகச் செல்லும் தோட்டா என்கிறார்கள்.

இந்த வகைத் தோட்டாக்கள் உருவான கதை சுவையானது. 1915இல் 250 சாவேஜ் என்ற தோட்டா வெளிவந்தது. 1930களில் ஆர்வமுள்ள தனி மனிதர்கள் சிலர் அதன் பித்தளைக் கூட்டின் கழுத்தை நெருக்கி, அதில் 5.7 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சிறிய குண்டைப் பொருத்தினார்கள். பெரிய கூடு, நிறைய மருந்து, சிறிய குண்டு. எனவே வேகம் மிகுந்தது. பட்டறையில் பிறந்த இந்தத் தோட்டாவை 1965இல்தான் ரெமிங்டன் கம்பெனி '22-250' என்ற பெயரில் தன் தயாரிப்பாக ஏற்றுக் கொண்டது. அனுபவசாலிகள் கண்டறிந்ததை நிறுவனங்கள் பின்னால் ஏற்பது நம் துறையில் மட்டும் நடப்பதல்ல. இதற்கிடையில் 1935இல் வின்செஸ்டர் வெளியிட்ட '220 ஸ்விப்ட்' நொடிக்கு 1,250 மீட்டர் வேகத்தை எட்டியது. ஆனால் குழலை விரைவில் தேய்த்து விடும் என்ற பெயரும் அதற்கு வந்தது.

மருந்தும் ஓர் உரமே

ஒரு தோட்டாவில் நான்கு உறுப்புகள் உண்டு: பித்தளைக் கூடு, அதன் அடியில் தட்டினால் தீப்பொறி தரும் பிரைமர், புகையில்லா மருந்து, முனையில் குண்டு. சுட்ட பிறகு கூடு மிஞ்சும். அதைப் பழைய அளவுக்கு நெருக்கி, புதுப் பிரைமர் பொருத்தி, மருந்து நிறுத்துப் போட்டு, குண்டைச் செருகினால் மீண்டும் தோட்டா தயார். கூட்டைப் பல முறை பயன்படுத்தலாம் என்பதால் செலவு குறைகிறது. அதை விட முக்கியம், தம் ரைபிளுக்கு ஏற்றபடி அளவை மாற்றிக் கொள்ளும் வசதி.

மருந்தையும் குண்டையும் 'கிரெயின்' கணக்கில் நிறுப்பார்கள். ஒரு கிரெயின் 65 மில்லிகிராம். நம் குன்றிமணி எடையில் பாதிக்குச் சற்று மேல். 22-250க்கு வழக்கமான குண்டு 55 கிரெயின், அதாவது மூன்றரை கிராம்.

மருந்து கூடினால் வேகம் கூடும். எனவே கூட்டிக் கொண்டே போகலாமே என்று தோன்றும். யூரியாவைப் பற்றியும் இப்படி நினைப்பவர்கள் உண்டு! இந்தத் தோட்டா வெடிக்கையில் சதுர அங்குலத்துக்கு 65,000 பவுண்டு வரை அழுத்தம் அனுமதிக்கப்பட்டுள்ளது. டிராக்டரின் பின் டயரில் நாம் அடிப்பது 12 முதல் 15 பவுண்டு காற்றுதான். முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இந்த அழுத்தம் எழுகிறது என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும். நெற்பயிருக்கு உரம் மிஞ்சினால் சாயும். இங்கே ரைபிள் வெடித்துக் கண் போகும்.

ஆகவே முறைப்படி செய்பவர் குண்டு, மருந்து தயாரிப்பாளர்கள் வெளியிட்ட கையேட்டில் தம் குண்டுக்கும் மருந்துக்கும் உரிய உச்ச அளவைப் பார்த்து, அதற்கு நூற்றுக்குப் பத்து குறைவாகத் தொடங்குகிறார். அரை கிரெயின் அல்லது அதற்கும் குறைவான படிகளாக ஏற்றி, ஒவ்வொரு படிக்கும் சில தோட்டாக்கள் செய்கிறார். கூடு, பிரைமர், குண்டு, அது செருகப்படும் ஆழம் யாவும் மாறாமல் இருக்கும். மருந்தின் அளவு ஒன்றே மாறும். இது மிக முக்கியம். ரகத்தையும் உரத்தையும் இடைவெளியையும் ஒரே பருவத்தில் மாற்றி விட்டு, மகசூல் எதனால் கூடியது என்று கேட்டால் யார் சொல்ல முடியும்?

ஒவ்வொரு படியிலும் வேகத்தைக் கருவியால் அளப்பதோடு, சுட்ட கூட்டை எடுத்துப் பார்க்கிறார். பிரைமர் தட்டையாக நசுங்கியிருந்தால், அல்லது ரைபிளின் தாழ்ப்பாள் இறுகித் திறந்தால், அழுத்தம் மிஞ்சுகிறது என்று பொருள். அங்கே நிறுத்தி, ஒரு படி இறங்கி விட வேண்டும். கையேட்டின் உச்ச அளவுக்கு முன்பே இந்த அறிகுறி தோன்றினாலும் நிறுத்தத்தான் வேண்டும். வெயில் காலத்தில் மருந்து வேகமாக எரியும். குளிரில் சரியாக இருந்த அளவு கோடையில் மிஞ்சி விடலாம்.

பிறகு 100 கஜத்தில் காகித இலக்கில் ஐந்து குண்டுகள் சுட்டு, அவை எவ்வளவு நெருக்கமாகப் படுகின்றன என்று அளக்கிறார். ஐந்தும் ஓர் அங்குலத்துக்குள் விழுந்தால் பரவாயில்லை, அரை அங்குலமானால் நன்று. இங்கே பலர் ஏமாறுவதுண்டு. மூன்று குண்டுகள் தற்செயலாக ஒரே ஓட்டையில் விழுந்ததும் 'கண்டு கொண்டேன்' என்பார்கள். ஒரு பாத்தியின் விளைச்சலை வைத்து ரகத்தைச் சிபாரிசு செய்வது போன்றதே இது. அதே அளவை வேறு வேறு நாட்களில் சுட்டு, மீண்டும் அதே நெருக்கம் கிடைக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இப்படிச் சோதித்தவர்களுக்கு ஓர் உண்மை தெரிய வருகிறது. மிக வேகமான அளவே மிக நெருக்கமாகச் சுடும் என்பதில்லை. உச்சத்துக்குச் சற்றுக் கீழே உள்ள ஓர் அளவு நெருக்கமாகப் படுவதுண்டு. கடைசி 30 மீட்டர் வேகத்தை விட்டுக் கொடுத்தால், 270 மீட்டர் தூரத்தில் கூடுதல் இறக்கம் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். அந்த ஒரு சென்டிமீட்டருக்காக அழுத்தத்தையும் குழல் தேய்மானத்தையும் வாங்கிக் கொள்வானேன்? பொருளாதார உச்ச உர அளவு, மகசூல் உச்ச அளவுக்குக் கீழே இருக்கும் என்று நாம் பயிற்சி வகுப்பில் சொல்வது இதுவேதான்.

வேகம் தீர்க்காத தொல்லைகளும் உண்டு. மணிக்கு 16 கிலோமீட்டர் பக்கக் காற்று வீசினால், இந்தக் குண்டு 180 மீட்டரில் ஏறக்குறைய 10 சென்டிமீட்டரும், 270 மீட்டரில் ஏறக்குறைய ஒரு சாணும் விலகும். காற்றைக் கணிப்பது பழக்கத்தால்தான் வரும்.

ஈயத்தால் வரும் கேடு

இந்தக் குண்டுகள் மெல்லிய தாமிர உறையும் ஈய உள்ளீடும் கொண்டவை. பட்டவுடன் சிதறுமாறு செய்யப்பட்டவை. தரையில் பட்டுத் தெறித்துப் பண்ணை வீட்டுப் பக்கம் போகாமல் இருக்க இது உதவுகிறது. ஆனால் சுட்ட பிராணியை யாரும் எடுத்துச் செல்வதில்லை. கழுகும் பருந்தும் வந்து தின்கின்றன. வயோமிங் மாநிலத்தில் செய்து 2007இல் வெளியான ஆய்வில், சிதறும் குண்டால் சுடப்பட்ட பிரெய்ரி நாய்களில் நூற்றுக்கு 87இல் குண்டுத் துணுக்குகள் இருந்தன. ஓர் உடலில் சராசரியாக 228 மில்லிகிராம் ஈய உள்ளீடு தங்கியிருந்தது. சிதறாத குண்டுக்கு இது 20 மில்லிகிராம் அளவே. ஈயம் கழுகைக் கொல்லும். கலிபோர்னியாவில் வேட்டைக்கு ஈயக் குண்டு கூடாதென 2013இல் சட்டமியற்றி, 2019 ஜூலை முதல் முழுமையாகத் தடை செய்தார்கள். ஈயமில்லாத தாமிரக் குண்டு அதே எடையில் நீளமாக இருக்கும். நீளமான குண்டு தடுமாறாமல் போகக் குழலின் முறுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும். எனவே பழைய ரைபிள்காரர்கள் எடை குறைந்த குண்டுக்கு மாறி, சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டியதாயிற்று.

சுட்டால் தொல்லை தீருமா என்றால், ஒரு வயலில் பத்து உட்சக் இருந்தால் தீரும். ஆயிரக்கணக்கில் வளையுள்ள பிரெய்ரி நாய்க் கூட்டத்தைச் சுட்டு மாளாது. அங்கே அவர்கள் நாடுவது நமக்குத் தெரிந்த மருந்துதான்: ஜிங்க் பாஸ்பைடு. ஓட்ஸ் தானியத்தில் கலந்து வைக்கிறார்கள். முதலில் விஷமில்லாத தானியம் வைத்துப் பழக்குவதும் நம் முறையே. பிரெய்ரி நாயை அளவுக்கு மீறி அழித்ததில், அதையே உண்டு வாழும் கருங்கால் பெரட் என்ற கீரி போன்ற பிராணி அற்றுப் போனதாகவே கருதப்பட்டு, 1981இல் வயோமிங்கில் மீண்டும் காணப்பட்டது.

நம் சட்டம் சொல்வது

காட்டுப் பன்றியால் நிலக்கடலையும் மரவள்ளியும் இழந்த விவசாயி, நமக்கும் இப்படி ஒரு ரைபிள் இருந்தால் என்ன என்று கேட்பது இயல்பே. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் பயிர்ப் பாதுகாப்புக்கெனப் பொதுவாகச் சொல்லப்பட்டிருப்பது வாய் வழியே மருந்திடும் துப்பாக்கி. லைசென்ஸ் இன்றித் தோட்டா தயாரிப்பது குற்றம். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தாலும், பயிரில் இறங்கிய பன்றியையோ மயிலையோ நாமாகச் சுடக் கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் குறுக்கே நிற்கும். அவுட்டுக்காய் வைப்பதும் அவ்வாறே குற்றம். அதைக் கடித்து வாய் சிதைந்து யானைகள் பட்டினியால் மடிந்திருக்கின்றன.

காட்டுப் பன்றி பற்றி 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு ஒரு முறையை அறிவித்தது. காப்புக் காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சுடுவதற்கில்லை. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் என்றால் வனத் துறையினரே சுடுவார்கள். எனவே சேதம் கண்ட விவசாயிகள் சர்வே எண்ணையும், காட்டிலிருந்து நிலம் எவ்வளவு தூரம் என்பதையும் குறித்து, வனச் சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் மனு கொடுத்து, ரசீது பெற்றுக் கொள்வது நல்லது.