தூக்கிப் பார்த்தால் போதுமா?

செகந்திராபாத்தில் என் சைக்கிள் கடைக்கு வருகிறவர்கள் முதலில் வண்டியைத் தூக்கித்தான் பார்க்கிறார்கள். அலுமினியம் எஃகின் கனத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, விறைப்பும் அவ்வளவே. அதனால்தான் அதன் குழாய்கள் பருமன். எங்கள் நகரின் வெளிவட்டச் சாலையோரம் 2023இல் திறந்த, சோலார் கூரை போட்ட 23 கிலோமீட்டர் சைக்கிள் பாதைக்கு அலுமினிய வண்டியே தாராளம்.

கார்பன் இன்னும் லேசு. ஆனால் அடிபட்டால் உள்ளே இழை பிரிந்திருப்பது கண்ணுக்குத் தெரியாமல் போகலாம். நாணயத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே வருவேன். 'டக்'கென்ற சத்தம் ஓரிடத்தில் 'தொப்'பென்று மங்கினால் அந்த வண்டியை ஓட்ட விடமாட்டேன்.

பால் கேன் கட்டும் அண்ணனுக்கு எஃகு வண்டிதான். போன வாரம் அவர் வண்டியில் சீட்டுக்குக் கீழே விரிசல். பக்கத்துத் தெருவில் பற்றவைத்தோம்; சாயங்காலமே பாலோடு கிளம்பிவிட்டார். அலுமினியத்தை அப்படித் தெருக்கடையில் பற்றவைக்க நான் துணியமாட்டேன்.