தேர்தலின்றி மாறிய பிரிட்டன் பிரதமர்கள்: அரசு மீதான நம்பிக்கை சரிந்தது எப்படி?

பிரிட்டனில் 2019, 2024 பொதுத்தேர்தல்களுக்கு இடையே போரிஸ் ஜான்சன், லிஸ் டிரஸ், ரிஷி சுனக் ஆகிய மூவர் பிரதமர் பதவி வகித்தனர். இவர்களில் பொதுத்தேர்தலில் கட்சியை வெற்றிக்கு வழிநடத்தியவர் ஜான்சன் மட்டுமே.

அந்நாட்டில் பிரதமரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. நாடாளுமன்ற கீழவையில் பெரும்பான்மை உள்ள கட்சியின் தலைவரே பிரதமராகிறார். எனவே, ஆளும் கட்சி தனது தலைவரை மாற்றினால் பிரதமரும் மாறிவிடுகிறார்.

கரோனா பொதுமுடக்க விதிகளை மீறியதாக 2022 ஏப்ரலில் ஜான்சனுக்கு போலீஸார் அபராதம் விதித்தனர். ஜூலையில் 50-க்கும் மேற்பட்டோர் அரசுப் பொறுப்புகளில் இருந்து விலகியதால், அவரும் பதவி விலகலை அறிவித்தார். கன்சர்வேடிவ் கட்சி உறுப்பினர்களின் 81,326 வாக்குகளைப் பெற்றுப் பிரதமரான டிரஸ்ஸின் அரசு, நிதி ஆதாரத்தைத் தெளிவுபடுத்தாமல் 4,500 கோடி பவுண்ட் வரிக் குறைப்பை அறிவித்தது. இதனால் பவுண்ட் மதிப்பு சரிந்தது; வீட்டுக் கடன் வட்டி உயர்ந்தது. 49 நாள்களில் அவரது ஆட்சி முடிந்தது. அடுத்து, சுனக் போட்டியின்றித் தேர்வானார்.

கட்சி நலனைவிட நாட்டின் நலனுக்கு அரசுகள் முன்னுரிமை அளிக்கும் என்பதை அநேகமாக ஒருபோதும் நம்புவதில்லை என 45 சதவீதம் பேர் கூறியதாக, 2024-இல் வெளியான பிரிட்டிஷ் சமூக மனப்பான்மை ஆய்வு தெரிவித்தது. அதே ஆண்டு ஜூலையில் தொழிலாளர் கட்சி 650 இடங்களில் 411-ஐக் கைப்பற்றியபோதிலும், அது பெற்ற வாக்குகள் சுமார் 34 சதவீதம் மட்டுமே. ஆகவே, ஆட்சி மாற்றம் மட்டுமே மக்களின் நம்பிக்கை திரும்பியதற்கான சான்றாகாது.